சூடு காட்டிய முள்

பழைய இரும்பு வாங்குகிற கபாடிவாலா குர்லாவிலிருந்து சாயங்காலம் வருவதாக இருந்தது. வரச் சொன்னவர் அத்தான், என் அக்காவின் கணவர். தாராவியில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய வேனில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. அறுபதுகளில் செம்பூர் கடைகளுக்குத் தோல் பைகளை ஏற்றிப்போய் அதில்தான் பிழைத்தோம்.

ஒரு வாரமாக, சாவியைத் திருப்பிய உடனே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கடைசிக் கோட்டுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டது.

“இஞ்சின் கலாஸ்லே. நடுரோட்டுல மானத்த வாங்குறதுக்கு முந்தி தள்ளி விட்டுருவோம்” என்றார் அத்தான்.

தள்ளிவிட்டால் அவருக்கு மாட்டுங்காவில் துணிக்கடை வேலை காத்திருந்தது. எனக்கு மறுபடியும் தோல் பதனிடும் கூடம், சுண்ணாம்புத் தொட்டி. அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ராத்திரியெல்லாம் சும்மா நின்ற வண்டி சாவி திருப்பியதும் எப்படிக் கொதிக்கும்? மனிதர் யோசிக்க வேண்டாமா? ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

“தொட்டுப் பாருங்க அத்தான்.”

அவர் முள்ளைத்தான் பார்த்தார்.

எஞ்சினில் சூட்டை அறிகிற பித்தளைக் குமிழ் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு வயர் முள்ளுக்குப் போகும். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, குமிழிலிருந்து அந்த வயரைக் கழற்றினேன். முள் விழுந்திருக்க வேண்டும். அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சின் மேல் பழியே இல்லை. வழியில் எங்கேயோ வயர் இரும்பைத் தொட்டு முள்ளை ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வயரைத் தடவிக்கொண்டே போனேன். ஒரு திருகாணியின் முனை அதைக் குத்திக்கொண்டு நின்றது. எழுந்து வெளிப்பக்கம் பார்த்தால், அந்தத் திருகாணியின் தலை பழனி முருகன் படத்தில். போன வெள்ளிக்கிழமை அக்கா பக்கத்தில் நின்று அத்தானை முடுக்கச் சொன்ன படம்.

“முருகனக் கழட்டணும் அத்தான்.”

“ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? வண்டி போனாப் போவுது, அவருமேல கைய வைக்காத!”

டீ கொண்டுவந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். படத்தைப் பார்த்தாள்; புருஷனைப் பார்த்தாள்.

“கோவிச்சிட்டு மலையேறுன பிள்ள, சூடாத்தாம்ல இருக்கும். கழட்டிட்டு பசை போட்டு ஒட்டு.”

திருகாணி வெளியே வந்ததும் முள் சாதுவாக இறங்கியது. வயருக்கு டேப் சுற்றி, மறுபடி குமிழில் மாட்டி, மைதாப் பசையில் முருகனை ஒட்டினேன். அத்தானை ஏற்றிக்கொண்டு சயான் வரை போய்த் திரும்பினேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

கபாடிவாலா வந்து டயரை உதைத்துப் பார்த்தார். “நை பாய், பேச்னா நை” என்றார் அத்தான், விற்கப்போவதில்லை என்று. வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அத்தான் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

மறுநாள் காலை தோல் கூடத்து வாசலைக் கடக்கும்போது, குறுக்கே யாருமே இல்லை. இருந்தாலும் ஹார்னை நன்றாக அழுத்தினேன்.