அச்சிமுகம்மதுவின் சின்ன ‘ஐ’

கல்முனைத் தபால் கந்தோருக்கு எதிரே, சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து ஊராருக்கு மனுக்களும் கடிதங்களும் அடித்துக்கொடுத்த அச்சிமுகம்மதுவின் ஆங்கிலத்தில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. அதிகாரி, வாப்பா, மழை, நெல், வயல் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. மூச்சு வாங்கிய இடத்தில் கமா. முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றுதான். பெரிய மனிதரிடம் கதைக்கும்போது பாதியில் நிறுத்துவது அழகல்ல என்பது அவர் கட்சி. ஆங்கிலத்தில் ‘நான்’ என்பதற்குள்ள ஒற்றை எழுத்து ‘ஐ’யை மட்டும் எப்போதும் சிறிதாகவே அடிப்பார்.

1982இல் ஒரு காலை, சாய்ந்தமருதிலிருந்து சுல்பிகா ஆங்கில ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்தாள். அனுப்புவதற்கு அன்றுதான் கடைசி நாள். பதினொரு மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள். அடித்த தாளை வாசித்தவளின் முகம் சுருங்கியது. அண்ணன் முறை வைத்தே அழைத்தாலும் குரல் உயர்ந்தது.

“காக்கா, இதக் கண்டா எனக்கு இங்கிலீஷ் தெரியா எண்டு தூக்கி எறிஞ்சிருவாங்க.”

அவர் கோபிக்கவில்லை. புதுத் தாளைச் சொருகினார். அவள் சொன்ன இடத்திலெல்லாம் புள்ளி வைத்தார். மனமில்லாமல் அவளுடைய வாப்பாவின் வயலைக்கூடச் சிறிதாக்கினார். ‘ஐ’ வந்ததும் கை நின்றது.

“அது ஏலா, தங்கச்சி. ‘நீங்க’ எண்டா பெரிசாப் போடுவன். ‘நான்’ எண்டு வந்தா, பெரியவன் அல்லாஹ் ஒருத்தன்தான்.”

“இது நீங்க இல்ல காக்கா, நான்!”

“அடிக்கிறது என்ட விரல்தானே?”

சுல்பிகா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

“அப்ப தள்ளி இரிங்க. என்ட பெருமைய நானே அமத்துறன்.”

அவர் அடிப்பார், ‘ஐ’ வரும் இடத்தில் கையை எடுப்பார், அவள் குனிந்து விசையை அமத்துவாள். பதினொரு தடவை. கடைசித் தடவை அவரே, “வாங்க டீச்சர், உங்கட முறை” என்றார்.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கடிதம் பைக்குள் போனது. வேலையும் கிடைத்தது.

அதன்பின் அந்தத் தாழ்வாரத்தில் அதுவே வழக்கம்: பெட்டிசம் என்று மனு எழுத வந்தவர் தம் ‘ஐ’யைத் தாமே அமத்த வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு பெரிய எழுத்துக்கான ஷிஃப்ட் விசையை அச்சிமுகம்மது பிடித்துக்கொடுத்தார். அந்தப் பெருமையில் தமக்கும் பங்குண்டா என்பதை அவர் கடைசிவரை தீர்மானிக்கவில்லை.

ஒருநாள், கையெழுத்துக்குப் பெருவிரலை மையில் தோய்க்கும் சபியா உம்மா அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

“இது ஆரு, மகன்?”

“நீங்கதான், உம்மா.”

“நானா?” தாள் பொத்துப்போகும்படி அமத்தினார். “மறுகா அடுத்தது எங்க வருது?”