படத்தில் மீந்த நிழல்

காலைப் பலகாரம் முடிந்த கையோடு கதிர்வேல் ஒரு தலையை அழிக்கத் தொடங்குவார். மடிக்கணினித் திரையில் போர்வெல் லாரி ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில், சட்டையெல்லாம் சேறாக, தலையில் துண்டு கட்டிய ஒருவன் நிற்பான். பின்னாலிருக்கும் சோளக்காட்டிலிருந்து கொஞ்சம் பச்சையை எடுத்து அவன் தலைமேல் பூசுவார். அப்புறம் தோள், இடுப்பு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். ஆள் நின்ற இடத்தில் சோளம் நிற்கும். "ஆச்சுங்" என்று யாருமில்லாத அறையில் சொல்லிக்கொள்வார்.

திருச்செங்கோட்டுக்காரர். வயதின் பெரும்பகுதியை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் மேனேஜராக ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கழித்துவிட்டு, முதுகுவலியோடு வீடு திரும்பியவர். இப்போது வண்டி முதலாளிகளின் படங்களைத் தரம் பிரித்து, விளம்பரத்துக்குச் சுத்தம் செய்து கொடுக்கிறார். அடுக்கி வைக்க ஒரு மென்பொருள், அழித்துத் திருத்த இன்னொன்று. இரண்டும் இலவசம், மகள் பிரவீனா இறக்கிக் கொடுத்தவை. "ஓசிதானுங்க. ஆனாத் திருட்டு ஓசி இல்லீங்க, அவங்களே மனசாரக் குடுக்கறது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

படங்களை ஊர்வாரியாக, வருடவாரியாக, ஏன், கிடைத்த தண்ணீரின் அளவுவாரியாகக்கூடப் பிரித்து வைத்திருக்கிறார். அந்த மென்பொருள் படத்திலுள்ள முகங்களைத் தானாகக் கண்டுபிடித்து, இது யார் என்று கேட்கும். முதலாளிகளுக்கும் டிரைவர்களுக்கும் தவறாமல் பெயர் கொடுப்பார். வடக்கிலிருந்து வந்த வேலையாட்களின் முகம் வந்தால் ஒரே தட்டாகத் தட்டித் தள்ளிவிடுவார். "பேரெல்லாம் ஆரு கண்டா? எல்லாருமே சோட்டுதான்." இந்தியில் 'சின்னப் பையன்' என்று பொருள்; வடக்கத்தி ஆள் எவனையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அழிப்பதற்கும் நியாயம் வைத்திருந்தார். "வெளம்பரம் பளிச்சுன்னு இருக்கோணுமுங்க. சேத்துல நின்னவனெல்லாம் எதுக்கு?" மூலப்படத்தைத் தனியாக வைக்கட்டுமா என்று கணினி கேட்கும்போதெல்லாம், இடம் அடைக்கும் என்று வேண்டாம் போட்டுவிடுவார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுஷிலா என்ற பெண் அவர் வீட்டைத் தேடி வந்தாள். சத்தீஸ்கர்க்காரி. ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் வேலை. தமிழ் அங்கே பழகியது.

"எங்கப்பா உங்க வண்டியில வேல பாத்தாருங்க. போன மழைக்கு மஞ்சக்காமால வந்து ஊர்ல செத்துட்டாரு. ஊட்ல மாட்ட ஒரு போட்டோ இல்லீங்க."

"பேரென்ன அம்முணி?"

"புத்ராம்."

கதிர்வேல் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு பெயரை அவர் கேட்டதே இல்லை. அவள் பையிலிருந்து அப்பாவின் வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினாள். மை கலங்கி, நகத்தளவு முகம்.

"அட, நம்ம சோட்டு!"

குரல் உயர்ந்துவிட்டது. இருவரும் எத்தனையோ ஊர்களில் ஒரே லாரியின் நிழலில் படுத்தவர்கள். எங்கோ காட்டுக்குள் கதிர்வேல் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி ஊற்றியவன். "இதுக்கா அலையற சாமி? மூஞ்சியக் காட்டுனாப் போதும், ஒரே நிமிசத்துல எடுத்துக் குடுத்துரும்" என்று அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி வசந்தாமணி மோர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

அட்டையைப் படமெடுத்து, முகத்தைக் குறித்துத் தேடவிட்டார். கணினி தேடித் தேடிக் கடைசியில் ஒன்றுமில்லை என்றது. சிரித்துச் சமாளித்துக்கொண்டு, ஊர்வாரியாகத் திறந்து காட்டினார். லாரி வந்தது. மாலை போட்ட முதலாளி வந்தார். மறுபடி லாரி. சுஷிலா ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். தண்ணீர் பீறிட்டு அடிக்கிற ஒரு படத்தில் கையை நீட்டித் திரையைத் தொட்டாள்.

ஈர மண்ணில் ஒரு நிழல் விழுந்திருந்தது. குழாயைப் பிடித்த கை, தலையில் துண்டின் முடிச்சு, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. நிழலுக்கு உரிய ஆள் இல்லை.

"இது அப்பாதானுங்க. இப்பிடித்தான் முடிச்சுப் போடுவாரு. ஆளு எங்கீங்க?"

மவுஸிலிருந்து கதிர்வேல் கையை எடுத்தார். "அது... வெளம்பரத்துக்காக..." என்றார்.

வசந்தாமணி குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, காச்சல்ல கஞ்சி ஊத்துனான்னு வாய் ஓயாமச் சொல்லுவீங்களே, அவனையா அழிச்சுப் போட்டீங்க?"

சுஷிலா ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளோ, "பரவால்லீங்க. அந்த நெழல மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க, போதும்" என்றாள்.

"வேண்டாஞ் சாமி. ஆளையே தேடிக் குடுக்கறேன்" என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று மாலையே பழைய டிரைவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். கம்ப்யூட்டர் கெட்டுப் படமெல்லாம் போய்விட்டது என்று முதலில் சிலரிடம் பொய் சொன்னார். ஒருவரிடமும் படமில்லை. சங்ககிரியிலிருக்கும் வீரனிடம் அந்தப் பொய்யைப் பாதியிலேயே நிறுத்தினார். "கெடலப்பா. நாந்தான் அழிச்சேன்" என்றார்.

"என்ர பழைய போன்ல கெடக்கும். வாங்க" என்றான் வீரன்.

பஸ் ஏறிப் போனார். மூடி கழன்று ரப்பர் பேண்டு போட்ட அந்தப் போனில் ஒரு படம் கிடைத்தது. அடுக்கிய குழாய்களின்மேல் உட்கார்ந்து புத்ராம் சோறு தின்றுகொண்டிருக்கிறான். வாய் நிறையச் சோறும் சிரிப்பும். கன்னத்தில் காய்ந்த சேறு.

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்ததும் கை தானாக, திரையில் அழிக்கிற தூரிகையை எடுத்தது. அது கன்னத்துச் சேற்றின்மேல் போய் நின்றபோதுதான் என்ன செய்யப் போகிறோம் என்று உறைத்தது. பதறி அந்த மென்பொருளையே மூடினார். அடுக்குகிற மென்பொருளில் படத்தைச் சேர்த்தார். முகத்தைச் சுற்றிக் கட்டம் விழுந்து, யார் என்று கேட்டது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடிப் 'புத்ராம்' என்று அடித்தார். படத்தின் ஓரத்தில் சோறு வாங்க நின்றவர்களின் முகங்களையும் அது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. ஒன்றுக்கும் அவரிடம் பெயரில்லை. "அந்த நெட்டையன் பேரென்ன வீரா?" என்று போனில் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. காது சுட்டது.

அதன்பிறகு அவர் ஆட்களை அழிப்பதில்லை. முதலாளிகள் சிலர் படங்களை வேறு இடத்தில் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். காரணம் கேட்டால், "கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க" என்று சொல்லிவிடுகிறார்.

புத்ராமின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சுஷிலா தங்கியிருந்த மில் விடுதிக்கு அவரே கொண்டுபோனார். பார்வையாளர் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, வேலையிலிருந்து அப்படியே வந்தாள் சுஷிலா. காகிதத்தைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர்கள் ஊர் வழக்கப்படி அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள்.

கதிர்வேல் இரண்டு கால்களையும் வெடுக்கென்று பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.