கல்லில் தட்டும் பொம்மை மீன்

திங்கட்கிழமைக்குள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஒரு புதன்கிழமை.

பக்கவாதம் வந்த புதிதில் ஒரு முறை குழாய் வைத்தார்கள். அவர் இடது கையால் பிடுங்கி எறிந்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மறுபடி வைத்துவிட்டு அந்தக் கையைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். வலது கைதான் செத்துப்போயிருந்தது, மிச்சமிருந்த ஒரு கையையும் கட்டிப்போட்டார்கள். பத்து நாள் அவர் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்தப் பார்வையை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

பிறகு கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்து, ஒரு மாதம் கஞ்சி குடித்தார். திடீரென்று அதையும் நிறுத்திவிட்டார். பல்லைக் கடித்துக்கொள்வார். “தொண்டையில் கோளாறு இல்லம்மா, விழுங்க முடியும். அவர்தான் மாட்டேங்கறார்” என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். ஆண்கள் எதிரில் எனக்குப் பேச்சு வராது. டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அவருக்கும் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கியிருந்தது. “உடு.” எங்கள் பக்கம் விடு என்பதை அப்படித்தான் சொல்வோம். தண்ணீர் வேண்டுமென்றாலும் உடு. கொசு கடித்தாலும் உடு. கஞ்சிக் கரண்டியைக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடு. என்னைப் போகவிடு என்றுதான் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

அவர் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். வேலையை விட்டு நின்ற பிறகு ஜேடர்பாளையம் ஆற்றில் மீன் பிடிப்பதுதான் அவருக்கு எல்லாமே. மண்புழு, மாவு எதுவும் கிடையாது. பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை மீன். கிராங்க் பெயிட் என்பார். விரல் நீளம் இருக்கும், வயிறு உப்பியிருக்கும், வாய்க்குக் கீழே கண்ணாடித் தகடு மாதிரி ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சும்மா விட்டால் தண்ணீரில் மிதக்கும். தூண்டில் ராடில் நைலான் நரம்பு சுற்றியிருக்கும் ரீலைச் சுழற்றி இழுத்தால் அந்த நாக்கு தண்ணீரை வெட்டிக்கொண்டு தலைகீழாக உள்ளே போகும், வாலை ஆட்டிக்கொண்டே வரும். கடையில் வாங்கிய நிறம் அவருக்குப் பிடிக்காது. சுரண்டிவிட்டு, லாரிக்கு அடித்து மிஞ்சிய பச்சையும் ஆரஞ்சும் தானே அடித்துக்கொள்வார்.

நானும் கூடப் போவேன். ஆனால் ஆண்கள் நிற்கிற இடமாயிற்றே, முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்துகொள்வேன். அவர் மீன் பிடித்ததை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். ரீல் கொஞ்ச நேரம் கர்ரென்று சுற்றும். நிற்கும். மறுபடி சுற்றும். நிற்கிறபோது பீடி பற்றவைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

சந்தையில் மீன் வாங்கிக் குழம்பு வைத்துப் பார்த்தேன். முள் இல்லாமல் பிசைந்து ஊட்டினால் துப்பினார். மூன்று தடவை அப்படி ஆயிற்று. துப்பிவிட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய ராடைப் பார்த்தார். அதைப் பார்த்துத்தான், நானே ஆற்றில் பிடித்து வந்தால் என்ன என்ற புத்தி எனக்கு வந்தது. புத்தியோ பைத்தியமோ, வேறு வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாவை அவரோடு உட்கார வைத்துவிட்டு, முந்தானையால் ராடை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்கு முன்பு புழக்கடையில் பொம்மை மீனுக்குப் பதில் ஒரு போல்ட் நட்டைக் கட்டி வீசிப் பழகியிருந்தேன். நட்டு இரண்டு தடவை கோழி மேல் விழுந்தது.

ஆற்றில் தடுப்பணைக்குக் கீழே ஆட்கள் குறைவாக இருந்த பக்கம் போய் நின்றேன். அங்கே மீன் பொரித்து விற்கிற ஒரு பெண் மட்டும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் வீசுவதையும் சுற்றுவதையும் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, மீனு புடிக்க வந்தீங்களா, தண்ணி சேந்த வந்தீங்களா?”

எனக்கு முகம் வேர்த்துவிட்டது. மறுபடி வீசினேன்.

“அந்தப் பொம்மையத் தின்னா மீனுக்கு வயித்தால போயிருமுங்க. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்.”

அவள் கேலியில் பொய் இல்லை. நான் கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரியேதான் சுற்றினேன். குடத்தை இறக்கினால் மேலே வரும்வரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கயிறு நழுவும். சின்ன வயதிலிருந்து கை அப்படியே பழகிவிட்டது. பொம்மை மீன் அடியில் போய்க் கல்லில் தட்டும். தட்டென்று கைக்குத் தெரியும். எதுவோ மாட்டிவிட்டது என்று இன்னும் வேகமாக, இன்னும் பலமாக இழுப்பேன். வயிற்றிலும் வாலிலும் இருக்கிற மும்முனைக் கொக்கி கல் சந்தில் நன்றாகக் கடித்துக்கொள்ளும். பிறகு நரம்பு அறும். வியாழக்கிழமை இரண்டு போயிற்று. வெள்ளிக்கிழமை மூன்று. அவர் ஒவ்வொன்றுக்கும் கண் வரைந்து காய வைத்திருந்தவை. ஒவ்வொன்று அறும்போதும் அவர் உடம்பிலிருந்தே எதையோ பிய்த்து ஆற்றில் போட்ட மாதிரி இருந்தது.

வெள்ளி சாயங்காலம் வெறுங்கையோடு போனேன். அன்றைக்கு அவர் நாக்கை நனைத்தது இரண்டு கரண்டித் தண்ணீர். மகள் போனில், “இனிமே என்னம்மா, டியூப்பே வெச்சரலாம். நீ எதுக்கு இந்த வயசுல ஆத்தங்கரையில நின்னு ஊரு சிரிக்க வெக்கற?” என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரைத் தனியாக விட முடியாது. தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவரிடம் போய் நின்றேன்.

“சொல்லுங்க, என்ன வேணும்?”

“அவரையும் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவோணுமுங்.”

“அதுக்கா இப்படி மென்னு முழுங்கறீங்க? பெரியவரத் தூக்கி உக்கார வெச்சுப்போடலாமுங், வாங்க.”

கரையில் மீன்காரப் பெண்ணின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, சாய்ந்துவிடாமல் துண்டால் இடுப்பைக் கட்டினோம். அந்தக் கட்டைப் பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து அவிழ்த்துவிட்டேன். ஆட்டோக்காரர் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார்.

நான் வீசினேன். சுற்றினேன். கல்லில் தட்டியது.

“உடு” என்றார் அவர்.

இழுத்தேன். மாட்டிக்கொண்டது. அறுந்தது.

இன்னொன்றைக் கட்டி வீசினேன். தட்டியது. “உடு! உடு!” அவர் கத்தினார். முகம் சிவந்து, வாயோரம் எச்சில் வழிய, இடது கையால் நாற்காலியை அடித்தார். மீன்காரப் பெண் கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஏனுங்க்கா, அவருதான் உட்டுப்போடுங்கறாரே. போதும், கூட்டிட்டுப் போங்க. பாக்கற எங்களுக்கே என்னமோ பண்ணுது.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்கு மற்றவர்கள் எதிரிலேயே திரும்பிக் கத்தினேன்.

“எதையுங்க உடறது? உங்களையா? மாட்டேனுங்க. நீங்க என்ன சொன்னாலுஞ் செரி, உட மாட்டேன்!”

கத்திய வேகத்தில் ரீலின் கைப்பிடியிலிருந்து என் கை எடுபட்டுவிட்டது. ராடு தாழ்ந்தது. நரம்பு தொய்ந்தது. அவர் கத்துவதை நிறுத்தினார். இடது கையை மட்டும் மெதுவாக, தட்டு ஏந்துகிறவர் மாதிரி, கீழிருந்து மேலே உயர்த்திக் காட்டினார்.

கல்லில் கடித்திருந்த பொம்மை மீன் இழுப்பு இல்லாததால் தானாகக் கழன்றுகொண்டது. மிதக்கிற சாமான் அல்லவா, மேலே எழும்பியிருக்கிறது. அது எழும்புகிறபோதுதான் ஒரு மீன் அடித்தது. அப்படி ஒரு அடி. ராடு என் கையிலிருந்து பறந்துவிடப் பார்த்தது.

பீடி பற்றவைக்கிறார் என்று நான் நினைத்த அத்தனை நிறுத்தமும் இதுதான். கல்லில் தட்டினால் இழுக்காதே, உடு. சும்மா இரு, அது தானே மேலே வரும். மீன் அப்போதுதான் வாயைத் திறக்கும். மூன்று மாதமாக அவர் சொன்ன அத்தனை உடுவையும் நான் ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“சுத்துங்க்கா, சுத்துங்க! ஐயோ, நீங்க சேந்தற மாதிரியே சேந்துங்க இப்போ!” என்று மீன்காரப் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். செவுளில் விரலை விட்டு அவள்தான் தூக்கினாள். விரால். என் முழங்கை நீளம்.

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். விராலுக்கு முள் கம்மி, இருந்தாலும் ஒவ்வொரு சதையையும் விரலால் நசுக்கிப் பார்த்துப் பிசைந்தேன். வாயருகே கொண்டுபோனேன்.

பல்லைக் கடித்துக்கொண்டார்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் இடது கை நீண்டு, சட்டியைக் காட்டியது. தண்ணீரா, உப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை. கடைசியில் சட்டியையே எடுத்து வந்து காட்டினேன். உள்ளே இருந்த மீன் தலையைக் காட்டினார். எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் தடவித் தடவி, வாயோரத்தில் கொக்கி கிழித்த இடத்தைத் தேடிப் பிடித்தார். அதிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். சந்தையில் வலை போட்டுப் பிடித்த மீனுக்கு அந்தக் கிழிசல் இருக்காது.

பிறகு வாயைத் திறந்தார். ஆறு வாய் சாப்பிட்டார். ஏழாவது வாய்க்குத் தூங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மிச்சக் குழம்பில் நான்கு வாய். அதோடு மீன் தீர்ந்தது. திங்கள் காலை கஞ்சி கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். நர்ஸ் குழாயைக் கொண்டு வந்து தட்டில் வைத்திருந்தாள். “எதாவது சாப்பிட்டாராம்மா?” என்று டாக்டர் கேட்டார். தலையை ஆட்டினால் போதாது என்று எனக்குத் தெரிந்தது. “விராலு சாப்பிட்டாருங்க. பத்து வாய். நான் புடிச்சதுங்க. இன்னும் புடிப்பேன், எனக்கு ஒரு வாரம் குடுங்க சாமி” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டாக்டர் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாரம் என்றார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோ எங்கள் தெருப் பக்கம் திரும்பப் போனது. வேண்டாம், ஆற்றுக்குப் போங்க என்றேன். ராடு எடுத்து வரவில்லையே என்றார் ஆட்டோக்காரர். எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்தது என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். கல் எங்கெங்கே கிடக்கிறது என்று மறுபடி தண்ணீர் ஏறுவதற்குள் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.