சுகம் என்று சொன்ன அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்குத் தலை வாரிவிடும்போது அவளுடைய முடியிலிருந்து ரப்பர் பாலின் புளித்த வாடை எழும். அக்கா பால் மரம் வெட்டப் போனவள் அல்ல. முதல் நாள் சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் அவள் தலைமீது வைக்கப்பட்ட கைகளின் வாடை அது. காலையெல்லாம் பட்டை சீவி மரம் வெட்டி, பால் வாளி சுமந்து, எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்த நாற்றத்தோடு எங்கள் சபையார் வந்து அவள் உச்சந்தலையை மாறி மாறித் தொட்டு ஸ்தோத்திரம் சொல்வார்கள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அக்கா பெயர் கிருபா. பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருந்தாள். சீப்பைப் பிடிக்க முடியாதபடி அவள் விரல்கள் வீங்கியிருந்ததால் வாரிவிடும் வேலை என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

மலாய் நாட்டில் கரங்கான் ஊரைத் தாண்டிச் செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். தோட்டத்தில் மிச்சப் பேரெல்லாம் மாரியம்மன் கோயிலைச் சேர்ந்தவர்கள்; கடைசி லயத்தின் வரிசை வீடுகளில் ஒரு கைப்பிடிக் குடும்பங்கள் மட்டும் நாங்கள் 'வேதக்காரங்க'. எங்களுக்கென்று பலகை அடித்துத் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் பிரசங்கம் காதில் விழாது. சில சனிக்கிழமைகளில் அது கர்த்தரின் இரக்கமாகவே பட்டதுண்டு. போதகர் செமிலிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் வருவார். அவரை 'ஐயா' என்றுதான் எல்லோரும் அழைப்போம். பெரிய படிப்பு கிடையாது, ஆனால் அவர் வாயைத் திறந்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது வியாதி என்றால் ஐயா தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, சபையைத் திரும்பிப் பார்த்து, "கெடச்சிருச்சா?" என்று கேட்பார். "கெடச்சிருச்சு!" என்று எல்லோரும் கைதட்ட வேண்டும். தட்டியாகிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அதே காரியத்தை மறுபடி கேட்கக் கூடாது. கேட்டால் கர்த்தர் கொடுத்ததை நம்பவில்லை என்று ஆகிவிடும். வாராவாரம் நன்றி மட்டும்தான் சொல்லலாம். "நட்ட கன்ன தெனமும் புடுங்கி வேர் விட்டுச்சான்னு பாப்பீங்களா?" என்று ஐயா கேட்பார். தோட்டத்து ஜனங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இதில் முக்கியமான பங்கு வியாதிக்காரருக்குத்தான். யார் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் 'சுகம்' என்றே சொல்ல வேண்டும். அதுதான் 'சாட்சி'.

அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் காலையில் எழுந்தால் அவள் கண்கள் திறக்காத அளவுக்கு முகம் ஊதியிருக்கும், மத்தியானத்தில் அது காலுக்கு இறங்கும் என்பதுதான். ஒரு சனிக்கிழமை அவளுக்காக ஜெபித்தோம், கைதட்டினோம். நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அன்றிலிருந்து அக்கா சுகமாகிவிட்டாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு அம்மாவிடம் சுகம். பள்ளித் தோழிகளிடம் சுகம். அம்மாவிடமும் சுகம். அம்மா அதைக் கேட்டுக் கண் கலங்க "ஸ்தோத்திரம்" என்பார். அந்த வீட்டில் எங்கள் இயேசப்பாவோடு நாள் முழுக்கப் பேச்சு நடந்தது, ஆனால் அக்காவுக்கு வலிக்கிறது என்ற ஒரு சேதியை மட்டும் அவரிடம் யாருமே சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அம்மா வெளிக்காட்டில் புல் வெட்டிக்கொண்டிருக்கும் பகல் நேரத்தில் அவர் கொல்லை வழியாக வந்து அக்காவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். அக்கா அவரிடமும் சுகம் என்றுதான் சொல்லிப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லு லா, பாப்பா. நான் போயி ஒங்க சாமிகிட்ட சொல்லிற மாட்டேன்" என்றார் அத்தை.

அக்கா அழுத அழுகையை நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காத மாதிரி இருக்கத்தான் எவ்வளவோ பார்த்தேன். இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போதோ துணி உலர்த்தும்போதோ, முதுகுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுவதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் யாரும் இல்லை என்று ஆகிவிடும்.

ஒருநாள் அப்பா, அம்மாவிடம் சொல்லாமல், அக்காவைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தோட்டத்து மருந்தகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர், "என்னா கிருபா, எப்படி இருக்கு?" என்று கேட்க, அக்கா சிரித்த முகத்தோடு, "சுகம் சார்" என்றாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். அதிர்ந்து பேசத் தெரியாத என் அப்பா அப்போதுதான் கத்தினார்.

"பொய் சொல்றா சார்! எம்புள்ள பொய் சொல்றா! காலுல செருப்பு நொழைய மாட்டேங்குது. வலியில உசுரு போவுது சார் அவளுக்கு."

அன்றே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அங்கே மலாய் நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் வயிற்றைத் தொட்டு, வலிக்கிறதா என்று தன் மொழியில் "சாக்கிட்?" என்று கேட்டபோது அக்கா ஆமென்று தலையாட்டினாளாம். மலாயில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஐயா சொல்லித் தந்திருக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று ஐயா தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அழுகையின் நடுவில், "எங்கயோ விசுவாசம் கொறஞ்சிருச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மருந்தகத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த அம்மா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பா" என்றார். அதற்குப் பிறகு அப்பா கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. எங்களைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கூட்டம் முடியும்வரை சாலையோரத்தில் நிற்பார். ஒரே வீட்டில் சோறு போட்டார்கள், சாப்பிட்டார்கள், மகளைப் பற்றி மட்டும் அவர்களுக்குள் பேச்சே இல்லை. அப்பா போய்ச் சேரும்வரை அது அப்படியே இருந்தது. எனக்கு அம்மாமீது கோபம். ஆனால் அந்த நம்பிக்கையை விட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

ஜெபம் ஏன் கேட்கப்படுவதில்லை என்பதற்கு நான் கேட்டிருக்கிற பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. பாவம் தடுக்கிறது, வேளை இன்னும் வரவில்லை, 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான். காரணங்கள் எல்லாம் மனப்பாடம். எனக்கு வேறு சந்தேகம். வலிக்கிறது என்று நாங்கள் சொல்லவே இல்லையே, அவர் எதைக் கேட்டிருப்பார்? சொல்லியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று நினைக்கிற அளவுக்கு நான் குழந்தை இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய வலியோடு அவ்வளவு பேர் நடுவில் அவள் தனியாக இருந்திருக்க மாட்டாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறுவதில்லை.

இப்போது எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. லயங்களை இடித்துவிட்டார்கள், கொட்டகை எங்கே இருந்தது என்று என்னால் கைகாட்டக்கூட முடியாது. கைதட்டியவர்கள் பாதிப் பேர் மண்ணுக்குள், மீதிப் பேர் எந்த ஊரிலோ. ஐயாவும் இல்லை. அம்மா திகாம் பத்து என்ற ஊரில் என்னோடு இருக்கிறார். சனிக்கிழமைகளில் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் காரில் கூட்டிப் போகிறேன். போதகர் இளைஞர், எங்களைப் பற்றி முன்பின் தெரியாதவர். போன வாரம், "ஜெப விண்ணப்பம் ஏதும் இருக்கா?" என்று அவர் கேட்டார். ஒருவர் பையனின் பரீட்சையைச் சொன்னார், ஒருவர் வேலையைச் சொன்னார். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எம் மக கிருபா. வலி தாங்க முடியலங்கிறா. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

"எந்த ஆஸ்பத்திரில இருக்காங்கம்மா?"

"வீட்டுலதான் இருக்கா, பாஸ்டர்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள், நானும் மூடினேன். அந்த இளைஞர் அக்காவின் பெயரைச் சொல்லி, அவள் வலியைச் சொல்லி, அடுத்த அறையில் அவள் படுத்திருப்பதைப்போல மன்றாடினார். அம்மாவுக்கு மறதி ஏதும் இல்லை. காலை மருந்தைக்கூட அவரேதான் நினைவாக எடுத்துச் சாப்பிடுகிறார்.

காரில் ஏறியதும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

அம்மா வேதப்புத்தகத்தை மடியில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்பா அன்னைக்கு அந்த டிரசர்கிட்ட கத்துனாருல்ல, அத நான் சாமிகிட்ட கத்தியிருக்கணும்" என்றார். பிறகு, நான் தடுத்துவிடுவேனோ என்று பயந்தவரைப்போல, "அடுத்த வாரமும் கேப்பேன்" என்றார்.