ரெஜினா டீச்சர் திறக்கச் சொன்ன கதவு

ஐந்து பேருக்கான ஷேர் ஆட்டோவில் பதினொன்றாவது ஆளாக ஐயம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு காலும் அரை இடுப்பும்தான் வண்டிக்குள் இருந்தன. அப்போது கைபேசியில் செய்தி வந்தது: எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை ரெஜினா டீச்சர் காலமானார். மாரடைப்பாம். நான் நம்பவில்லை. டீச்சரிடம் அனுமதி கேட்காமல் உள்ளே நுழையும் தைரியம் எமனுக்கே கிடையாது.

அவரோடு வேலை பார்த்தவர்களே, அவரிடம் திட்டு வாங்கியவர்களே, அலுவலக உதவியாளனான என்னை உங்களுக்குத் தெரியும். தொடுதிரைப் பலகையும் பத்து டேப்லெட்டும் வந்திறங்கியபோது, ஸ்மார்ட் அறையின் சாவி என்னிடம் தரப்பட்டது. கருவறைச் சாவியே கிடைத்ததுபோல் இடுப்பில் செருகிக்கொண்டு தேராட்டம் நடந்தேன். தலைமையாசிரியரின் உத்தரவு ஒன்றுதான்: பத்தாம் வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு மட்டும் திற. கணக்கில் தடுமாறும் ‘பி’ பிரிவு உள்ளே வந்தால் உடைத்துவிடுமாம்.

டீச்சர் வாதாடவில்லை. பி பிரிவை அழைத்துவந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நடைபாதையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். தலைமையாசிரியரால் தம் அறைக்குச் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. மூன்றாம் நாள் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“தனசேகரு, தறியைத் தொடாம எவனாச்சும் நெய்யக் கத்துக்கினானா? ஒடைஞ்சா என் பேரை எழுதிக்கோ. தெற.”

திறந்தேன். என் கை என்னைக் கேட்கவே இல்லை.

உள்ளே வேறொரு சண்டை. நான்கு பேருக்கு ஒரு டேப்லெட். கணக்கு தெரிந்தவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் சட்டம் போட்டார்: “தெரிஞ்சவங்க கையக் கட்டிக்கினு வாயால சொல்லுங்க. தெரியாதவங்க கையில அது இருக்கட்டும்.”

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றிருந்த மெர்சியின் கைக்கு அது வந்தது. சமன்பாட்டில் ஓர் எண்ணை மாற்றினாள். திரையில் வரைபடக் கோடு சாய்ந்தது. மறுபடி மாற்றினாள், நிமிர்ந்தது.

“நான் மாத்துனாக்கூட மாறுது டீச்சர்.”

“யார் மாத்துனாலும் மாறும்மா. அதான் கணக்கு.”

பொதுத்தேர்வில் மெர்சி தேறினாள். பி பிரிவில் ஒருவரும் கணக்கில் விழவில்லை. உடைந்தது ஒரே ஒரு டேப்லெட். தூசி தட்டும்போது அதைக் கீழே போட்ட மாவீரன் நான்தான்.

இரங்கல் கூட்டத்தில் டீச்சரை வானளாவப் புகழ்ந்தார்கள். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ஸ்மார்ட் அறை இனி ஏ பிரிவுக்கு மட்டும். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நான் இடவில்லை.

டீச்சரின் பேனாவோ கண்ணாடியோ என்னிடம் இல்லை. ‘தெற’ என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல் இருக்கிறது. சாவியும் இருக்கிறது. திங்கட்கிழமை முதலாம் பாடவேளை பி பிரிவுக்குக் கணக்கு. கதவு திறந்திருக்கும். உடைந்தால் என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.