தோற்கிற அணிக்கு ஒரு தேங்காய்

எங்கள் வீட்டில் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் விதி ஒன்றுகூட ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஓர் இலையுதிர்காலம் முழுக்க, ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் இருந்த ஓர் அணி வெல்லவேண்டும் என்று குடும்பமாக நின்று கும்பிட்டோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் கிழக்குக் கரையில், மோர்னிங்சைட்டில், ஒரு மாடிக்கட்டடத்தின் பதினோராம் தட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் முன்னறை ஹோல் சோபாவில்தான் படுத்து எழும்பினார். விடியற்காலையில் வெளிக்கிட்டு, பஸ்ஸும் ரெயினுமாக நகரத்தின் மற்றக் கரையில் ரெக்ஸ்டேலில் இருந்த பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போவார். ஏஜென்சி மூலம் கிடைத்த வேலை. வா என்றால் போகலாம், நாளைக்கு வராதே என்றால் வீட்டில் இருக்கவேண்டியதுதான். கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், மாமாவுக்குப் பேசி வைத்திருந்த பெண் தன் தாயோடு மூன்று வருடமாகக் காத்துக்கொண்டிருந்தார். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட, மாமாவுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அதற்கு சுப்பர்வைசர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும், மிச்சத்தை ஒஃபீஸ் பார்த்துக்கொள்ளும்.

அந்த சுப்பர்வைசருக்கு மாமா வைத்த பெயர் தொப்பியர். மழையோ வெயிலோ அந்த அணியின் தொப்பிதான் தலையில் இருக்குமாம். முந்திய வருடங்களில் நன்றாக ஆடிய அணி, அந்த வருடம் ஏனோ சறுக்கத் தொடங்கியது. தோற்ற ஞாயிறுக்கு மறுநாள் லீவு கேட்ட ஒருவரைத் தொப்பியர் எல்லோர் முன்னாலும் கத்தி அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு வந்த மாமா அன்று இரவுச் சாப்பாட்டில் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார்.

"அக்கா, வெண்ட திங்கக்கிழமையிலைதான் உந்தாளிட்டைப் போகவேணும். தோத்த நாளிலை போனால், காரியம் கெட்டுது."

"முகம் பாத்துத்தானே கேக்கவேணும்," என்றார் அம்மா. எங்கள் ஆட்களுக்கு இது புதிய சாத்திரம் அல்ல. ஊரில் கிராம அதிகாரி விதானையாரிடம் ஒரு கடதாசிக்குப் போகும்போதும் அவர் சாப்பிட்டுவிட்டாரா, வீட்டில் சண்டையா என்று விசாரித்துவிட்டுத்தான் படலையைத் திறப்பார்களாம். கனடாவில் விசாரிப்பதற்குத் தொலைக்காட்சி இருந்தது.

அப்படித்தான் ஞாயிறுகள் மாறின. அன்டெனாவைப் பல்கனிப் பக்கம் திருப்பினால் அமெரிக்கச் சானல் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் வரும். மதியம் ஒரு மணிக்கு மாமா குளித்து, திருநீறு பூசி உட்காருவார். ஆங்கிலம் படித்தவள் என்பதால் நான் பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பேசுவதைப் பொறுக்கிவந்து நான் விளக்கம் சொல்வேன். பாதி என் சொந்தக் கற்பனை. மாமா அதைத் தலையாட்டிக் கேட்பார். "உவன் ஏன் விழுந்துபோய்க் கிடக்கிறான்? எழும்பச் சொல்லு," என்பார், நான் சொன்னால் அவன் எழும்புவான் என்பது போல. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

"எங்கடை ஆக்கள் ஆர்? நீலமோ வெள்ளையோ?"

"நீலம், அக்கா."

"அப்ப ஏன் வெள்ளை ஓடுது?"

படிவம் சாமித்தட்டில் இருந்தது. நாலு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளையாருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். அணி வென்றால் அது மாமாவின் சாப்பாட்டுப் பையில் ஏறும். தோற்றால் பிள்ளையாருக்குப் பின்னாலேயே நிற்கும். அது பெரும்பாலும் நின்றது.

ஒரு முறை வென்றார்கள். ஒக்டோபர் மாதம். மாமா சோபாவில் ஏறி நின்றார், கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். பிறகுதான் தெரிந்தது, மறுநாள் தாங்ஸ்கிவிங் விடுமுறை, தொழிற்சாலை பூட்டு. செவ்வாய்க்கிழமை கொண்டுபோகிறேன் என்று மாமா வெளிக்கிட, அம்மா வாசலில் மறித்துவிட்டார். "செவ்வாய் வெறுவாய். கலியாணக் காரியம் தம்பி, ஒருநாள் பொறு." புதன்கிழமை தொப்பியருக்கு மெஷின் ஒன்று பழுதாகி முகம் கறுத்திருந்தது. மாமா படிவத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு தோல்வி. அதற்கடுத்ததும் தோல்வி. அம்மா கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தார். யாருக்கு என்று ஐயர் கேட்டதற்கு, "தெரிஞ்ச பெடியளுக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார்.

கொழும்பில் காத்திருந்த, எனக்கு மாமியாக வரவேண்டியவரோடு நான் ஒரு தடவை தொலைபேசியில் கதைத்திருக்கிறேன். "பனி கொட்டினால் சத்தம் கேக்குமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எப்பிடித் தெரியும்?" என்றார். நல்ல கேள்வியாக இருந்தது. மாமா ரிசீவரை வாங்குவதற்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மாமாவுக்கு ஓவர்டைம். போகமுதல் என்னைக் கூப்பிட்டார்.

"குஞ்சு, முழுக்கப் பாக்கவேணும். பின்னேரம் பிரேக்கிலை அடிச்சுக் கேப்பன். இண்டைக்கு வெண்டால், நாளைக்கு விடிய கேட்டே தீருவன்."

"ஓம் மாமா."

ஏழாம் தட்டில் என் சிநேகிதிக்குப் புதிதாக ஒரு வீடியோ கேம் வாங்கியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் பார்த்தேன். வழக்கம்போல நீலம் விழுந்து கிடந்தது. இதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமா என்று நினைத்தேன். அம்மா நித்திரை. மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்து, வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தொலைபேசி அடித்தது. பின்னால் மெஷின் சத்தம்.

"என்ன மாதிரி, பிள்ளை?"

"தோத்திட்டாங்கள் மாமா."

"எவ்வளவிலை?"

"பதினேழுக்கு மூண்டு." நாக்கு தானாகவே சொல்லிற்று. எந்த வாரம் கேட்டாலும் கிட்டத்தட்ட அப்படித்தானே இருக்கும்.

மாமா, "சரி குஞ்சு, சாப்பிட்டனியே?" என்று கேட்டார்.

மறுநாள் படிவம் பிள்ளையாருக்குப் பின்னால் நின்றது. பள்ளிக்கூடத்தில் முதல் பாடவேளைக்கு முன்னரே விஷயம் தெரிந்துவிட்டது. பையன்கள் மேசையில் ஏறி ஆடிக்காட்டினார்கள். கடைசி நிமிடத்தில் வென்றார்களாம், இந்த வருடத்தில் அப்படியொரு ஆட்டம் இல்லையாம். அன்று முழுவதும் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாமி, கடிதம், லொட்ஜ் ஒன்றும் மனதில் வரவில்லை. அடி விழுமா, அம்மாவிடம் சொல்வாரா என்பதே என் கவலை.

மாலையில் மாமா வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். நான் கணக்குக் கொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். மாமா சாப்பாட்டுப் பையைத் திறந்து, ரிஷு பேப்பரில் சுற்றிய ஒரு டோனட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வேலையிலை தந்தவங்கள். சாப்பிடு."

முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, களைப்புத்தான். அப்பாடா, மாமாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

அம்மா மறிக்க மறிக்க, செவ்வாய் என்றும் பாராமல் மறுநாள் அவர் படிவத்தைக் கொண்டுபோனார். அவர் ஏன் அன்று மட்டும் அக்காவின் சொல்லைத் தட்டினார் என்று நான் யோசிக்கவில்லை. தொப்பியர் அங்கே இல்லை. திங்கள் வேலை முடிந்த கையோடு வடக்கே மான் வேட்டைக்குப் போய்விட்டாராம், இரண்டு கிழமை லீவு. அவருக்குப் பதிலாக நின்றவர் ஏஜென்சி ஆட்களுக்குத் தான் கையெழுத்து வைப்பதில்லை என்றார். தொப்பியர் திரும்பி வந்த பிறகு அணி ஒரு தரமும் வெல்லவில்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்தார். கிறிஸ்மஸுக்கு முதல் கிழமை, ஏஜென்சி ஆட்கள் எல்லோரையும் இனி வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள்தான் மாமாவுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அவரோடு அதே மெஷினில் நின்ற மன்னார் அண்ணை ஒருவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ராகுகாலம் செவ்வாய் ஒன்றும் பாராதவர், தோற்ற திங்கள் ஒன்றில் இதே படிவத்தை நீட்டியிருக்கிறார். தொப்பியர் அதைச் சுவரில் வைத்து நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டாராம். "ஏன் உனக்கு முதலே தேவையெண்டு சொல்லேல்லை?" என்றும் கேட்டாராம். மாமா இதைச் சொன்னபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "நான்தான் தம்பி மறிச்சனான்," என்றார். மாமா, "சும்மா இரு அக்கா," என்று எழும்பிப் போனார். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் தங்கள் தங்கள் பிழையைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் பிழை ரொட்டி கேட்டுக்கொண்டு இருந்தது.

அடுத்த கோடையில் மாமாவுக்கு வேறு இடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. கடிதமும் கிடைத்தது. அதற்குள் கொழும்பிலிருந்து வேறொரு கடிதம் வந்துவிட்டது. போர்க்காலப் பொலிஸ் பதிவும் சுற்றிவளைப்புமாக லொட்ஜில் இனி இருக்கமுடியாது என்று, அந்தப் பெண்ணை அவருடைய தமையன் சுவிஸில் ஒரு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். பிழை நினைக்கவேண்டாம் என்று எழுதியிருந்தது. மாமா அதை மடித்துச் சாமித்தட்டில், மஞ்சள் தடவிய படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சுவிஸில் பனி நன்றாகக் கொட்டும் என்று எனக்குத் தோன்றியதாக நினைவு.

மாமா நாற்பது தாண்டிக் கல்யாணம் செய்தார். இப்போது ரொறன்ரோவிலேயே ரூஜ் பக்கம் வீடு. வந்த மாமி தங்கமான மனுஷி. ஞாயிறுகளில் மாமா இப்போதும் அந்த அணியின் ஆட்டம் பார்ப்பார், விதிகள் எல்லாம் தெரியும், நான் அந்தக் காலத்தில் விட்ட கற்பனைகளைச் சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு ஞாயிறைப் பற்றி மட்டும் அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாத விஷயத்தை ஏன் கிளறவேண்டும் என்றே பல வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்குப் போன முதல் வருடம், ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் மனேஜர் பெரிய பெட்டியோடு வந்தார். முதல் நாள் அவருடைய அணி வென்றதாம், எல்லோரும் டோனட் எடுங்கள் என்றார். ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தோற்றவன் டோனட் வாங்கிக் கொடுப்பானா? அன்று காலை தொழிற்சாலை வாசலில் தொப்பியர் பெட்டியைத் திறந்துகொண்டு சிரித்தபடி நின்றிருப்பார். மாமா வெறும் சாப்பாட்டுப் பையோடு அவர் முன்னால் நின்றிருப்பார். ஒன்றை எடுத்து, தான் தின்னாமல், ரிஷுவில் சுற்றி, பஸ்ஸும் ரெயினுமாக நகரத்தைக் கடந்து எனக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. மேலே தூவியிருந்த கலர் மணிகளை முதலில் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றேன். மாமா சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன்.