கெண்டை முட்டைக்காக விழுந்த அறை

சங்கரன்கோவிலிலிருந்து பைக்கில் போய், புளியங்குடிக்கு மேற்கே மலையோடையில் நான் பார்த்த வனக்காவலர் அவர். காளைக் கழுத்து, புருவத்தை வெட்டிய தழும்பு. வேலை செய்யும்போதெல்லாம் மலையை வாய்க்கு வந்தபடி திட்டுவார். போன மழையில் மலை சரிந்து, கெண்டைகள் முட்டையிடும் கூழாங்கல் படுகையைச் சேறு மூடிவிட்டதாம். அதை அள்ளிவிட்டு, மறுபடி சேறு வந்தால் திருப்பிவிட, படுகைக்கு மேலே பாறைகளை உருட்டிச் சாய்வாகத் தடுப்பு கட்டியிருந்தார்.

படுகையில் இறங்கி நின்று போனில் படமெடுத்தேன். கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து என்னை முட்புதரில் எறிந்தார். அடுத்த நொடி மேலே இடிபோலச் சத்தம். சேறும் பாறையும் மரமுமாக உருண்டு வந்து தடுப்பில் மோதின. வேரோடு வந்த ஒரு மரம் தடுப்பைத் தாண்டி, என் தலை இருந்த உயரத்தில் பறந்து, எதிர்க்கரையில் குத்தி நின்றது. அவரோ கடப்பாரையால் பாறைக்கு முட்டுக்கொடுத்து, நெற்றியில் ரத்தம் வழிய மலையைப் பார்த்துக் கத்தினார்.

“வாலே, வா! இங்கன இறங்குன, கொன்னுருவேன்!”

சேறு படுகையைத் தொடாமல் மறுபக்கம் பாய்ந்து ஓடியது. புதரிலிருந்து எழுந்து வந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“என் உசுரக் காப்பாத்திட்டீய அண்ணாச்சி.”

“உம்ம யாருவே காப்பாத்துனா? முட்டைய மிதிச்சிட்டு நின்னீரு, அடிச்சேன். மலை இறங்குதது எனக்கே தெரியாது.”

வீட்டில் கெண்டைக் குழம்பு வைக்கும் நாளில் எனக்கு இன்றும் சோற்றில் கை இறங்குவதில்லை. கன்னம்தான் எரிகிறது.